கிட் லென்ஸுக்கு அடுத்து எது? கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம், ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் (இது உள்ளிருக்கும் ஃபோகஸ் மோட்டாரின் பெயர்) லென்ஸை வாங்கி ஆறு வருடம் ஆகிவிட்டது. என்னுடைய பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, கேனன் இஓஎஸ் 200டி. பேட்டரியும் கார்டும் போட்ட பாடி 453 கிராம், லென்ஸ் 160 கிராம். இரண்டும் சேர்ந்து 613 கிராம்தான், நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் தெரியாது. இந்த ஆறு வருடத்தில் வேறு சில லென்ஸ்கள் வந்தன, போயின. பையிலிருந்து கேமராவை எடுக்கும்போது அதில் மாட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான்.

இது எனக்கு மிகவும் பிடித்த லென்ஸ். ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பொருந்தும் என்பது வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் லென்ஸ் நல்லதா கெட்டதா என்பதைவிட அதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம், அதாவது கிட் லென்ஸை வைத்தே முதல் ஒன்றரை வருடம் ஓட்டினேன். அப்புறம் எல்லோருக்கும் வரும் ஆசை எனக்கும் வந்தது, இன்னொரு லென்ஸ் வேண்டும். எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். முகம் எடுக்க 85 வாங்கு என்றார் ஒருவர். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய ஜூம் வாங்கிவிடு என்றார் இன்னொருவர். லென்ஸை விடு, முதலில் பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடிக்கு மாறு என்றார் மூன்றாமவர். மூவருமே நன்றாகப் படம் எடுப்பவர்கள். மூவரும் சொன்னது அவரவருக்குச் சரி. நான் எதை எப்படி எடுக்கிறேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் பார்ப்பது கணக்கு எழுதும் வேலை. எதையும் பேரேட்டில் ஏற்றிப் பார்த்தால்தான் மனசு அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்துவைத்துக்கொண்டு நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் அது எந்தக் குவியத் தூரத்தில் (லென்ஸின் மி.மீ. எண், கூடினால் தூரத்தில் உள்ளது நெருங்கித் தெரியும்), என்ன அப்பர்ச்சரில் (ஒளி நுழையும் வாசல், எஃப் எண் குறைந்தால் வாசல் பெரியது), என்ன ஷட்டர் வேகத்தில், எந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன், கூட்டினால் படம் பிசிறடிக்கும்) எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். எக்ஸிஃப் என்பார்கள். எடுத்த எல்லாவற்றையும் நான் எண்ணவில்லை. அழிக்க மனம் வராமல் வைத்திருந்த, மறுபடி மறுபடி திறந்து பார்க்கும் படங்களை மட்டும் எண்ணினேன். மொத்தம் 412. அவற்றில் 231 படங்கள் 50-க்கும் 55-க்கும் இடையில் விழுந்தன. 18-இல் எடுத்தவை 70 சொச்சம். மீதி நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 55 என்பது அந்த ஜூமின் கடைசி முனை. அங்கே போய் முட்டி நிற்கிறேன் என்றால், அதற்கும் அப்பால் போக ஆசைப்பட்டு முடியாமல் நின்றிருக்கிறேன் என்றும் பொருள் கொள்ளலாம். அப்படியானால் எனக்குத் தேவை 85 அல்லது அதற்கும் மேல். அதனால் அந்த 231-ஐ மறுபடி எடுத்து, பிற்பாடு எத்தனை படங்களை ஓரம் வெட்டி நெருக்கமாக்கியிருக்கிறேன் என்று பார்த்தேன். முப்பதுகூடத் தேறவில்லை. மற்றவை எடுத்தது எடுத்தபடி முழுச் சட்டமாகவே இருந்தன. அதாவது அந்தத் தூரம் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இந்த இரண்டாவது பார்வை ரொம்ப முக்கியம். வெறுமனே எண்ணிவிட்டு முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

அந்தப் படங்களின் மற்ற விவரங்களும் ஒரே கதையைச் சொல்லின. அப்பர்ச்சர் எஃப்/5.6. ஐஎஸ்ஓ 3200, 6400. ஷட்டர் 1/15, 1/20 நொடி. கிட் லென்ஸை 55-க்குத் திருகினால் அப்பர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. நான் வெளிச்சம் போதாத அறைகளில் உட்கார்ந்து, ஜூமை முட்டும்வரை திருகி, வீட்டு மனிதர்களின் முகத்தையும் கையையும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என்ன லென்ஸ் வாங்க வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே எழுதியிருந்தது.

எஃப்/5.6-க்கும் எஃப்/1.8-க்கும் உள்ள வித்தியாசத்தைப் புதிதாக வருபவர்கள் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். கிட் லென்ஸில் 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 10 மி.மீ. இந்த லென்ஸில் 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. சென்சரில் விழும் வெளிச்சம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. 1/15-இல் எடுத்த அதே படத்தை 1/150-இல் எடுக்கலாம். அல்லது ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஐஎஸ்ஓவை 6400-இலிருந்து 640-க்கு இறக்கலாம்.

கிட் லென்ஸில்தான் ஐஎஸ் இருக்கிறதே, கை ஆட்டத்தை அது பார்த்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். பார்த்துக்கொள்ளும், உண்மைதான். இந்த 50-இல் ஐஎஸ் கிடையாது. ஆனால் ஐஎஸ் சமாளிப்பது என் கை ஆட்டத்தை மட்டும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால், குழந்தை சிரித்துக்கொண்டே ஓடினால், அதை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகம் வேண்டும். என் பழைய படங்களில் சுவரும் நாற்காலியும் துல்லியமாக இருக்கும், ஆள் மட்டும் ஆடியிருப்பார். ஒன்றரை வருடம் அது என் கைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, 50 என்று முடிவானது. அங்கேயும் ஒரு சறுக்கல். புதியதை வாங்காமல், ஒருவர் பயன்படுத்திய பழைய 50-ஐ முதலில் வாங்கினேன். கேனனின் இஎஃப் மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு, 1987-இல் வந்தது. அந்த வருடமே முதல் 50 எஃப்/1.8-உம் வந்தது. 1990-இல் அதற்கு அடுத்தது, பிளாஸ்டிக் மவுண்ட் போட்டு எடை குறைத்தது. அது கால் நூற்றாண்டு ஓடியது. நான் வாங்கியது அந்த இரண்டாவது வகையில் ஒன்று. விற்றவர் காட்டிய படங்களில் லென்ஸ் பளிச்சென்று இருந்தது. கையில் வாங்கியபோதும் வெளிக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்கு வந்து ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்தில் சற்றே சாய்வாகப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்ததும் உள்ளே இருந்த கண்ணாடி ஒன்றின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளையாக நூல் நூலாகக் கிளை பிரிந்து ஓடியிருந்தது. ஆலம் விதை சுவரில் வேர்விடுமே, அப்படி. மூச்சுப் பட்டால் மறையுமோ என்று நினைக்கும் அளவுக்கு மெல்லிசாக இருந்தது, ஆனால் மறையாது. பூஞ்சை. ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் மூடிவைத்த லென்ஸில் வளர்வது. நாள்பட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். விற்றவர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். வாங்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாமே என்று அவர் கேட்ட கேள்வியை, வாங்குவதற்கு முன் நானே என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்காதீர்கள் என்று இதை வைத்துச் சொல்லவில்லை. என் மற்ற லென்ஸ்களில் பாதி பயன்படுத்தியவைதான், அருமையாக இருக்கின்றன. டார்ச் அடித்துப் பாருங்கள், பணம் கைமாறுவதற்கு முன்பு, அந்த இடத்திலேயே. இஎஃப் லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றியதும் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்தபடி நிற்கும், அதனால் உள்ளே எல்லாம் தெரியும். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. நூல் தெரிந்தால் வேண்டாம். அதன்பிறகு என் லென்ஸ் எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரப்பத மானியோடும்தான் இருக்கின்றன. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே ஏறினால் ஜெல்லை மாற்றுகிறேன்.

அடுத்ததாகத்தான் இந்த எஸ்டிஎம் வந்தது, புதியதாக. 2015-இல் வெளியான வடிவம். முந்தையதோடு ஒப்பிட்டால் மவுண்ட் மறுபடி உலோகம் ஆனது. அப்பர்ச்சர் இதழ்கள் ஐந்திலிருந்து ஏழாயின, வளைந்த இதழ்கள். பழையதில் பின்னணி விளக்குகள் ஐங்கோணமாக விழும். இதில் அவை ஓரளவு உருண்டையாகவே இருக்கின்றன. எஃப்/11, 16 என்று மூடி ராத்திரி விளக்கை எடுத்தால் பதினான்கு கதிர் உள்ள நட்சத்திரம் கிடைக்கும், ஏழு இதழுக்கு அப்படித்தான். கிட்ட வந்து எடுக்கக்கூடிய தூரம் 45 செ.மீ.யிலிருந்து 35 செ.மீ. ஆனது. கேட்கச் சின்ன விஷயம். என்னைப் பொறுத்தவரை இந்தப் பத்து சென்டிமீட்டர்தான் பழையதற்கும் புதியதற்கும் நடுவே பெரிய வித்தியாசம்.

ஒரு படத்தைச் சொன்னால் புரியும். பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, இரண்டு விரலால் முறுக்கிக் கூராக்கி, ஊசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கினார். நான் தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து கிட்டே போனேன். 35 செ.மீ. என்பது சென்சரிலிருந்து கணக்கு, லென்ஸின் முனையிலிருந்து அதைவிடக் குறைவு. பாட்டியின் முழங்கை என் நெற்றியில் இடிக்காத குறை.

"எடுத்து முடிச்சியாடி? கை நோவுது" என்றார்.

"ஒரே ஒரு நிமிஷம் பாட்டி, அப்படியே இருங்க."

எஃப்/1.8-இல் எடுத்த முதல் படத்தில் ஊசியின் காது மட்டும் தெளிவாக இருந்தது. அதைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகம் மங்கல், நூல் நுனியும் மங்கல். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பாடியின் சென்சர் அளவுக்கு, 35 செ.மீ. தூரத்தில், எஃப்/1.8-இல் தெளிவாக விழும் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. ஊசிக்கும் நகத்துக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி இருக்காதா! அன்றைக்கு அங்கேயே உள்ளுணர்வில் எஃப்/4-க்கு மூடி எடுத்த இன்னொரு படம்தான் தப்பியது. அதில் ஊசிக் காது, நூலின் ஈரப் பிசிறு, நகத்தில் இருந்த பழைய மஞ்சள் கறை, விரல் ரேகையின் வெடிப்பு எல்லாம் ஒரே தளத்தில் இருந்தன. பின்னால் பாட்டியின் முகம் கரைந்து, மூக்குத்தி மட்டும் ஒரு வெளிச்சப் பொட்டாக நின்றது. இப்போது அந்தப் படம் சுவரில் மாட்டியிருக்கிறது.

அதனால் சொல்கிறேன், எஃப்/1.8 லென்ஸ் வாங்கினால் எப்போதும் 1.8-இலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் முகம் எடுக்கும்போது 1.8-இல் ஆழம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் கிட்டத்துக் கண் தெளிவாகவும் எட்டத்துக் கண் மங்கலாகவும் வரும். 2.8-க்கு மூடினால் நான்கு சென்டிமீட்டர் ஆகிறது, இரண்டு கண்ணும் பிழைத்துக்கொள்ளும், பின்னணியும் போதுமான அளவு மங்குகிறது. என் படங்களில் பெரும்பாலானவை 2.2-க்கும் 2.8-க்கும் நடுவில்தான். முழுதாகத் திறந்தால் ஓரங்கள் கொஞ்சம் மென்மையாக இருக்கும், வெயிலில் மின்னும் உலோக விளிம்புகளில் ஊதாவும் பச்சையுமாக மெல்லிய சாயம் தெரியும். இந்த வகை எளிமையான கண்ணாடி அமைப்பில், ஐந்து தொகுதியில் ஆறே கண்ணாடி, இது எதிர்பார்க்க வேண்டியதுதான். 2.8-இல் பெருமளவு போய்விடும். 4-க்கும் 5.6-க்கும் போனால் கிட் லென்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது, அவ்வளவு துல்லியம்.

ஃபோகஸ் பற்றி. 200டியின் வ்யூஃபைண்டரில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், அவற்றில் இன்னும் துல்லியமாகப் பிடிக்கும் குறுக்கு வகை நடுவில் உள்ளது மட்டுமே. அதனால் நடுப் புள்ளியைக் கண்ணில் வைத்துப் பாதி அழுத்தி, அப்புறம் கேமராவைத் திருப்பிச் சட்டத்தை ஒழுங்கு செய்யும் பழக்கம் எனக்கு இருந்தது. கிட் லென்ஸில் அது ஓடியது. இந்த லென்ஸை 1.8-இல் வைத்து அப்படிச் செய்தால், திருப்பும் அந்த அரை நொடியில் என் உடம்பு இரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே போனாலே கண் தவறிக் காது தெளிவாகிவிடும். முதல் இரண்டு மாதம் நிறையப் படங்கள் அப்படிப் போயின. இப்போது அவசரமில்லாத முகப் படங்களுக்கு லைவ் வ்யூவுக்கு மாறித் திரையில் கண்ணைத் தொட்டு எடுக்கிறேன். இந்தப் பாடியில் டூயல் பிக்ஸல் ஃபோகஸ் இருப்பதால் சென்சரிலேயே ஃபோகஸ் நடக்கிறது, தவறுவது மிகக் குறைவு. கேமரா பழையதாக இருந்தாலும் இந்த வசதி உள்ளதா என்று பாருங்கள், பெரிய அப்பர்ச்சர் லென்ஸோடு அது நல்ல ஜோடி.

எஸ்டிஎம் மோட்டார் வீடியோவுக்கு இதமாக நகரும், சத்தம் லேசாகக் கேட்கும். ஓடும் குழந்தையைத் துரத்தும் வேகம் இதற்கு இல்லை. இன்னொரு விஷயம், ஃபோகஸ் வளையம் கண்ணாடியை நேரடியாக நகர்த்துவதில்லை, மோட்டாருக்குக் கட்டளை மட்டும் தருகிறது. கேமரா அணைந்திருக்கும்போது வளையத்தைத் திருகினால் ஒன்றும் நடக்காது. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் உள்குழாய் முன்னால் நீண்டு வரும், அப்படியே கேமராவை அணைத்தால் சில பாடிகளில் நீட்டியபடியே நிற்கும். அந்த நிலையில் பையில் திணித்துவிட வேண்டாம். அணைக்கும் முன் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் உள்ளே போய்விடும். இது எனக்கு இப்போது கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பது போல ஆகிவிட்டது. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் தனியாகத்தான் வாங்க வேண்டும், வாங்குங்கள். ஃபில்டர் அளவு 49 மி.மீ., பழைய வகைக்கு வாங்கிய 52 மி.மீ. ஃபில்டர் இதில் சேராது.

எங்கே இது உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். 200டியின் சென்சர் ஏபிஎஸ்-சி, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது, அகலம் 22.3 மி.மீ. அதனால் இந்த 50, ஃபுல் ஃபிரேமில் 80 மி.மீ. காட்டும் பரப்பைத்தான் காட்டும். கணக்கு எளிது. இரண்டரை மீட்டர் அகலத்துக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர ஐந்தரை மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். பெரும்பாலான அறைகளில் அதற்குள் முதுகு சுவரில் இடித்துவிடும். கட்டடம், தெரு, கூட்டம், இயற்கைக் காட்சி என்று எடுப்பவர்களுக்கு இந்த ஜோடி மூச்சு முட்டும். வீட்டுக்குள் குழந்தை படம் எடுக்கத்தான் என்று இதை வாங்கி, நான்கு நாளில் கிட் லென்ஸுக்கே திரும்பியவர்களை எனக்குத் தெரியும். லென்ஸில் குறை எதுவும் இல்லை. அவர்கள் அறையின் நீளத்தை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தி மகன் போன வருடம் கேட்டான். "அக்கா, நானும் அந்த 50 வாங்கிடவா? இல்லைன்னா பாடியை மாத்திடவா?" அவனிடமும் இதே கிட் லென்ஸ்தான், ஏபிஎஸ்-சி பாடி. "முதல்ல உன் படத்தை எண்ணிட்டு வாடா" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எண்ணினான். அவன் வைத்திருந்த படங்களில் பாதிக்கு மேல் 18-க்கும் 24-க்கும் நடுவில். நண்பர்கள், சைக்கிள் பயணம், பேருந்துக்குள், மொட்டை மாடி. அவன் 50 வாங்கியிருந்தால் அலமாரியில்தான் இருந்திருக்கும். இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் வாங்கினான். 125 கிராம், அடை போலத் தட்டையான லென்ஸ், 16 செ.மீ. வரை கிட்டே போகும். அதே இரண்டரை மீட்டர் குடும்பத்தை எடுக்க அதற்கு 2.7 மீட்டர் போதும். இப்போது அவன் எடுக்கும் படங்களைப் பார்த்தால் எனக்கு ஆசையாக இருக்கிறது.

பறவை எடுக்கும் நண்பர் ஒருவருக்கு இதே கணக்கு வேறு விடை தந்தது. அவருடைய படங்கள் எல்லாமே 55-இல், எல்லாமே வெட்டி நெருக்கியவை. அவருக்கு 55-250 எஸ்டிஎம். 375 கிராம் எடையில் ஏபிஎஸ்-சியில் 400 மி.மீ. அளவுக்குக் காட்டும். காலை வெளிச்சம் இருக்கும்வரை அது போதும் என்கிறார்.

பாடியை மாற்றுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். அலுவலகத் தோழியின் இஓஎஸ் ஆர்பியை ஒரு வாரம் வாங்கி, அடாப்டர் போட்டு இந்த லென்ஸை மாட்டிப் பார்த்தேன். 2019-இல் வந்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், என் டிஎஸ்எல்ஆரில் இருப்பது போல உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி கிடையாது. இஎஃப் மவுண்டுக்கும் சென்சருக்கும் நடுவே 44 மி.மீ., ஆர்பியின் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. மீதி 24 மி.மீ.யை அடாப்டர் நிரப்புகிறது. உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம், அதனால் படத்தின் தரம் குறைய வழியில்லை. கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது, நான் தவறவிட்ட அத்தனை கண்களும் ஞாபகத்துக்கு வந்தன. 50 என்பது உண்மையிலேயே 50 ஆகி, அறை சற்று விரிந்தது. ஆனால் பாட்டியின் கையை அங்கே அதே நெருக்கத்தில் சட்டத்துக்குள் நிரப்ப முடியவில்லை, 35 செ.மீ. எல்லை இரண்டிலும் ஒன்றுதானே. நான் அதிகம் எடுப்பது அந்த நெருக்கம். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஏக்கத்தோடுதான், ஆனால் தெளிவோடு.

இந்த லென்ஸ் இஎஃப் வகை என்பதால் கேனனின் கிராப் (ஏபிஎஸ்-சி) டிஎஸ்எல்ஆர், ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் இரண்டிலும் ஏறும். இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் ஏறாது. சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப், வெள்ளைச் சதுரம் இருந்தால் இஎஃப்-எஸ். புதிதாக ஆர் வரிசை பாடி வாங்குபவர்கள் அடாப்டருக்குச் செலவழிக்க வேண்டாம், 2020-இல் அறிவிக்கப்பட்ட ஆர்எஃப் 50 எஃப்/1.8 நேரடியாக மாட்டும். எடை அதே 160 கிராம், 30 செ.மீ. வரை கிட்டே போகும். ஆனால் அதைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியே இல்லை.

மற்ற கம்பெனிப் பாடி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வகையில் லென்ஸ் உண்டு. நிக்கானின் டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சி) பாடிக்கு 35 எஃப்/1.8ஜி என்னுடையதைவிட வீட்டுக்குள் வசதியானது. நிக்கானில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், பழைய 50 எஃப்/1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள்ளும் மோட்டார் இல்லாததால் அது தானாக ஃபோகஸ் செய்யாது. சோனி ஏபிஎஸ்-சி பாடிக்கு வரும் 50 எஃப்/1.8 ஓஎஸ்எஸ்ஸில் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதியே உள்ளது, எனக்குப் பொறாமை.

போன மாதம் மறுபடி நோட்டை எடுத்தேன். கடைசி ஒரு வருடப் படங்களை எண்ணினேன். 50-இல் எடுத்தவைதான் இன்னமும் அதிகம். ஆனால் கிட் லென்ஸை மாட்டிய நாட்களின் படங்களில் 24-ஐச் சுற்றிக் கோடுகள் கூடியிருந்தன. பாட்டி இப்போது அதிகம் தைப்பதில்லை, கூடத்தில் எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். கூடத்தின் நீளத்தை டேப் வைத்து அளந்தேன், மூன்றேகால் மீட்டர். இரண்டு வாரத்துக்கு அந்த 24-ஐ இரவல் தரச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.